நோயைச் சொல்பவரே மருந்தையும் விற்கலாமா?

  

மயிலாப்பூர் குளக்கரை, தி.நகர் பனகல் பார்க், அடையார் பஸ் டெப்போ என்று மூன்று இடத்தில் நின்று இந்த வெளியீட்டை உங்கள் கையில் கொடுக்கிறோம். பச்சைத் துண்டைப் பார்த்ததும், "தண்ணி வரலையாம், கடன் தள்ளுபடி வேணுமாம்" என்று நினைத்து மடித்துப் பையில் போட்டுவிடாதீர்கள். தண்ணீர்ப் பிரச்னையும் இருக்கிறது, கடன் பிரச்னையும் இருக்கிறது. இன்றைக்கு வந்திருப்பது வேறு ஒன்றுக்கு. மக்காச்சோளத்தில் விழும் பூஞ்சாண நோய்க்கு மருந்தடிக்கிற விஷயம். "இதுக்கா மெட்ராஸ் வரைக்கும் வந்தீங்க?" என்று நீங்கள் கேட்கலாம். இதற்குத்தான் வந்தோம். இதில் எங்கள் பணமும் இருக்கிறது, உங்கள் வீட்டுப் பாலும் முட்டையும் இருக்கிறது.

நீங்கள் மக்காச்சோளத்தைக் கண்ணால் பார்ப்பது பெசன்ட் நகர் கடற்கரையில் கரி அடுப்பில் சுட்டு, எலுமிச்சம்பழமும் மிளகாய்த்தூளும் தேய்த்துத் தருகிறார்களே, அங்கேதான். ஆனால் பெரம்பலூரிலும் அரியலூரிலும், சேலம், கள்ளக்குறிச்சி பக்கத்திலும், திண்டுக்கல், உடுமலை, விருதுநகர், விளாத்திகுளம் கரிசலிலும் நாங்கள் விளைவிக்கும் சோளத்தில் பெரும்பகுதி நேராகத் தீவனத்துக்குப் போகிறது. நாமக்கல் கோழி அதைத் தின்கிறது. கறவை மாடும் தின்கிறது. கோழி இட்டது உங்கள் வீட்டு ஆம்லெட்டாக வருகிறது, பள்ளிக்கூடத்துச் சத்துணவில் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு ஐந்து முட்டையாக வருகிறது. மாடு கறந்தது காலை ஆறு மணிக்கு உங்கள் வாசலில் பாக்கெட்டாக விழுகிறது. கம்பும் பருத்தியும் போட்ட மானாவாரி நிலத்தை நாங்கள் மக்காச்சோளத்துக்கு மாற்றியது ஆசைப்பட்டு அல்ல. வாங்க ஆள் இருக்கிறது, மூன்றரை மாதத்தில் கைக்குக் காசு வருகிறது, அவ்வளவுதான் காரணம்.

அந்தக் காசைத்தான் பூஞ்சாணம் தின்கிறது. பூஞ்சாணம் தின்றது போக மீதியை மருந்துக்கடை தின்கிறது.

ஒரே பெயரில் நான்கு நோய்

மக்காச்சோளத்தில் "நோய் விழுந்துடுச்சு" என்று ஊரில் பொதுவாகச் சொல்கிறோம். அது ஒரே நோய் அல்ல. தோழர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

முதலாவது அடிச்சாம்பல் நோய். விதைத்து இரண்டு மூன்று வாரத்தில் குருத்து வெளிறும், இலையில் வெள்ளை வெள்ளையாக நீளக் கோடு விழும். விடியற்காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மாவு தூவியது போல வெண்ணிறப் பூசணம் இருக்கும், வெயில் ஏறினால் மறைந்துவிடும். அந்தச் செடி குட்டையாகிவிடும், கதிர் பிடிக்காது. சிலதில் கொண்டையே பூவுக்குப் பதில் இலை இலையாக முளைத்துப் பைத்தியம் பிடித்தது போல நிற்கும். வந்த செடி வந்ததுதான், அதைக் காப்பாற்ற எந்த மருந்தும் கிடையாது. பக்கத்துச் செடியைத்தான் காப்பாற்ற முடியும். மண்ணில் கிடக்கும் வித்திலிருந்தும் வரும், பக்கத்துக் காட்டிலிருந்து காற்றிலும் வரும். தீவனத்துக்கு வரப்போரம் சோளம் விதைத்திருந்தால் அதிலும் இதே நோய் இருக்கும், அங்கிருந்து இங்கே தாவும்.

இரண்டாவது இலைக் கருகல். கார்த்திகை, மார்கழியில் மழையும் பனியும் விடாமல் இருந்தால் அடி இலையில் படகு மாதிரி நீளமான சாம்பல் பழுப்புக் கறை தோன்றி மேலே ஏறும். கதிருக்குப் பக்கத்து இலை வரைக்கும் ஏறிவிட்டால் மணி சுருங்கிப் போகும். மூன்றாவது இலையுறைக் கருகல். தரையை ஒட்டிய இலையுறையில் பாம்புத் தோல் மாதிரி பட்டை பட்டையாக வரும். இதற்கு அடி இலை இரண்டு மூன்றைக் கிள்ளி எடுத்துவிட்டாலே பாதி நின்றுவிடும், செலவு கூலி மட்டும்தான். நான்காவது கரிக்கோல் அழுகல். பூவெடுக்கும் நேரத்தில் தண்ணீர் பொய்த்தால் வரும். தட்டை ஒடிந்து விழும், பிளந்து பார்த்தால் உள்ளே கரித்தூள். இதற்கு மேலே எத்தனை டேங்க் அடித்தாலும் வீண். பூக்கும்போது ஒரு தண்ணீர் கட்ட முடிந்தால் அதுதான் மருந்து.

நான்கு நோய்க்கும் நான்கு வழி. கடையில் கொடுப்பது ஒரே கவர்.

இது வெறும் பேச்சு அல்ல, இதன் பின்னால் விஞ்ஞானம் இருக்கிறது. அடிச்சாம்பல் நோயை உண்டாக்கும் கிருமியைப் பூஞ்சாணம் என்று சொல்கிறோமே தவிர அது அசல் பூஞ்சாணமே இல்லை. பழுப்புப் பாசிக்குத் தூரத்து உறவு. அதனால் கார்பன்டசிம் என்கிற மருந்து அதைத் தொடாது. ஊரில் எந்த நோய்க்கும் முதலில் கையில் எடுத்துக் கொடுக்கிறார்களே, அதே கார்பன்டசிம்தான். மெட்டலாக்சில் தொடும். ஆனால் அதே மெட்டலாக்சில் இலைக் கருகலுக்கு ஒன்றும் செய்யாது. மேன்கோசெப் இரண்டுக்கும் ஓரளவு கேட்கும், ஆனால் அது இலை மேல் படிந்து நின்று தடுக்கிற மருந்து. நோய் வருவதற்கு முன்னால் அடிக்க வேண்டும், இலையின் இரண்டு பக்கமும் நனைய வேண்டும், அடித்த மறுநாள் மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். நோய் உள்ளே புகுந்தபின் மேன்கோசெப் அடிப்பது, திருடன் போனபிறகு கதவைச் சாத்துகிற வேலை.

ஆக, எந்த நோய் என்று தெரியாமல் மருந்து வாங்கினால் அது செலவு மட்டும்தான், வைத்தியம் ஆகாது.

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் டாக்டர்

இப்போது கேட்கிறோம். மயிலாப்பூரில் உங்களுக்குக் காய்ச்சல் என்றால் எங்கே போவீர்கள்? டாக்டரிடம். அவர் பார்த்து, தேவைப்பட்டால் இரத்தம் எடுத்து, சீட்டு எழுதுவார். மருந்துக்கடைக்காரர் அந்தச் சீட்டுக்கு மருந்து கொடுப்பார். இரண்டு பேரும் வேறு வேறு ஆள். எங்கள் ஊரில் இரண்டும் ஒரே ஆள். காய்ந்த இலையைக் கிள்ளிக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு உரக்கடைக்குப் போகிறோம். கடைக்காரர் இலையை ஒரு பார்வை பார்க்கிறார். "பூசணம்ணே. இத ஒரு பாக்கெட், இத கால் லிட்டர், கூடவே இந்த டானிக், மூணையும் கலந்து அடிங்க" என்கிறார். விலை கேட்டால் சொல்கிறார், ரசீது கேட்டால் முறைக்கிறார். பணம் இல்லையென்றால் "அறுவடைக்குத் தாங்கண்ணே" என்கிறார். பின்னே எங்கே போவது? அந்தக் கடனும் சேர்ந்துதான் அவரை ஊருக்கு டாக்டர் ஆக்கியிருக்கிறது.

கடைக்காரர்களை நாங்கள் திட்ட வரவில்லை. அவர்களிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள், வருத்தத்தோடு நல்ல யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஐதராபாத் 'மேனேஜ்' நிறுவனம் 2003இல் இடுபொருள் வியாபாரிகளுக்கென்றே ஓராண்டுப் பட்டயப் படிப்பு ஆரம்பித்தது. 2015இல் பூச்சிமருந்து விதிகளைத் திருத்தி, கடை வைப்பவர் படித்திருக்க வேண்டும் என்றும் கொண்டுவந்தார்கள். படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் எவ்வளவு படித்தாலும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் "இதுக்கு மருந்தே வேணாம், ரெண்டு இலையைக் கிள்ளி விடுங்க" என்று சொல்லுவாரா? சொன்னால் அவர் கடையை எப்படி நடத்துவார்?

சொல்ல வேண்டியவர் வேளாண்மைத் துறை ஆள். உதவி வேளாண்மை அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். பல கிராமங்களை அவர் ஒருவரே பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் பயிரை அல்ல. காப்பீட்டுப் பதிவு, மானியப் பட்டியல், ஆதார் இணைப்பு, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பு. மிச்சம் நேரம் இருந்தால்தான் வயல். 2018இல் 'உழவன்' செயலி வந்தது. போனில் எல்லாம் இருக்கிறது என்கிறார்கள். போன் இலையைத் திருப்பிப் பார்க்குமா? அதுவும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு?

48 கிராம் கணக்கு

இதுதான் இந்த வெளியீட்டில் நாங்கள் அழுத்திச் சொல்ல வந்த கணக்கு. அடிச்சாம்பல் நோய்க்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் விதை நேர்த்தி கிலோவுக்கு 6 கிராம் மெட்டலாக்சில். ஏக்கருக்கு 8 கிலோ விதை என்று வைத்தால் 48 கிராம். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். அதை விதையிலேயே செய்துவிட்டால் பயிர் ஆபத்தான முதல் மூன்று வாரத்தைத் தாண்டிவிடும். தேவைப்பட்டால் 20ஆம் நாள் மெட்டலாக்சில், மேன்கோசெப் கலவையை எக்டேருக்கு ஒரு கிலோ, அதாவது ஏக்கருக்கு 400 கிராம், ஒரு தடவை தெளிக்கலாம். முழங்கால் உயரப் பயிர், அடிப்பவருக்கும் சிரமம் இல்லை.

நடப்பது என்ன? முதல் மாதம் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஐம்பது அறுபது நாளில் பயிர் ஆறடி ஏழடி உயர்ந்து, காடு முழுக்க வெளுத்துத் தெரிந்த பிறகு ஓட்டம். அப்போது அடிக்கும் மருந்து பயிரின் மேல் விழுவதை விட அடிப்பவர் முகத்தில் விழுவது அதிகம். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அடித்தால் வேறெங்கே விழும்? இதில் மூன்று மருந்தைக் கலந்து வேறு கொடுக்கிறார்கள். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அது பூச்சிமருந்து, இது பூஞ்சாண மருந்து என்று ஆறுதல் சொல்லலாம். கலந்து அடிக்கும் டேங்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

விதையில் 48 கிராமோடு முடியவேண்டிய காரியம், கடையில் ஆயிரக்கணக்கில் போய் முடிகிறது. முடிந்த பிறகும் கதிர் இல்லை.

"அப்படியானால் நீங்களே விதை நேர்த்தி செய்துகொள்ள வேண்டியதுதானே" என்று படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இன்று எங்கள் பக்கம் விதைக்கும் மக்காச்சோளத்தில் பெரும்பாலானது கம்பெனி ஒட்டு விதை. சிவப்பிலோ பச்சையிலோ சாயம் பூசிப் பையில் வருகிறது. சாயத்துக்குள் என்ன மருந்து? விதை விதிகள் 1968இலேயே எழுதியிருக்கிறது, நேர்த்தி செய்த விதை என்றால் எந்த மருந்து என்று சீட்டில் பெயர் போட வேண்டும் என்று. போடுகிறார்கள். இங்கிலீஷில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். 2018க்குப் பிறகு படைப்புழுவுக்குப் பயந்து பூச்சிமருந்து பூசி வருகிற விதை அதிகமாகிவிட்டது. சாயத்தைப் பார்த்ததும் "எல்லாம் போட்டுத்தான் வருது" என்று விவசாயி நம்பிவிடுகிறார். பூச்சிக்குப் போட்டது பூஞ்சாணத்துக்கு ஆகுமா? அடிச்சாம்பலுக்கு மருந்து இருக்கிறதா, எத்தனை கிராம், அந்த ரகமே நோயைத் தாங்குமா தாங்காதா, இந்த மூன்றையும் விதைப்பையில் தமிழில், அரை அங்குல எழுத்தில் போட்டால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? ஒரு பை அச்சடிக்கும் மை செலவு.

மருந்து ஒன்றையே நம்பியும் இருக்க முடியாது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சோளத்தில் மெட்டலாக்சிலையே வருஷக் கணக்காக நம்பினார்கள். 2000களின் ஆரம்பத்தில் அந்த மருந்துக்கு அடங்காத அடிச்சாம்பல் கிருமி அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. இதே கிருமிதான். விதையிலும் இப்படி ஒரு பாடம் இருக்கிறது. 1970இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் சுமார் 15 சதவீதம் இலைக் கருகலில் போனது, நூறு கோடி டாலர் நஷ்டம். ஏன் தெரியுமா? அங்கே விதைத்த ஒட்டு விதையில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஒரே தாய் வழி. விதை உற்பத்திச் செலவைக் குறைக்கக் கம்பெனிகள் எல்லாம் அந்த ஒரே தாயைப் பிடித்துக்கொண்டன. அந்தத் தாயைத் தாக்கும் ஒரு ரகக் கிருமி வந்ததும் நாடு முழுக்கப் படுத்துவிட்டது. நம் மாநிலத்தில் எத்தனை பெயரில் எத்தனை பை விற்றாலும் உள்ளே எத்தனை தாய் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? கோவையிலும், பழனி பக்கம் வாகரை மக்காச்சோள ஆராய்ச்சி நிலையத்திலும் அரசு ரகங்கள், ஒட்டு ரகங்கள் உருவாக்கியிருக்கிறார்கள், அடிச்சாம்பலைத் தாங்குபவையும் அவற்றில் உண்டு. விதை கேட்டுப் போனால் மட்டும் போதிய அளவு கிடைப்பதில்லை.

இங்கே ஒரு வார்த்தை, எங்களிலேயே இயற்கை விவசாயம் செய்யும் தோழர்களுக்கு. நம்மாழ்வார் ஐயா மீது எங்களுக்கு இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியும். புளித்த மோரும் பஞ்சகவ்யாவும் நாங்களும் அடித்துப் பார்த்தவர்கள்தான். சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா போட்டால் வேர்ப்பக்கத்து நோய்க்கு நல்ல பலன் இருக்கிறது, விலையும் கம்மி. ஆனால் மார்கழிப் பனியில் காற்றோடு வரும் நோய்க்கு அது மட்டும் போதும் என்று ஐந்து ஏக்கர் கடன்காரரிடம் எங்களால் சொல்ல முடியாது. மருந்தே வேண்டாம் என்பதும் எங்கள் கட்சி அல்ல, வாரத்துக்கு ஒரு மருந்து என்பதும் எங்கள் கட்சி அல்ல. மேன்கோசெப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. நம் மத்திய அரசு 2020 மே மாதம் தடை செய்யலாம் என்று வெளியிட்ட 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலில் மேன்கோசெப், கார்பன்டசிம், கேப்டான், திரம் எல்லாம் இருந்தன. பிறகு பட்டியல் சுருங்கிவிட்டது. இன்றும் கடையில் கிடைக்கிறது. ஆபத்தா, ஆபத்து இல்லையா? அடிக்கிறவனிடம் யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?

பட்டணத்துக்கும் பங்கு உண்டு

இனி உங்கள் வீட்டுக் கதை. வயலில் விழும் பூஞ்சாணம் எங்கள் கதிரைத் தின்கிறது. அறுவடைக்குப் பின் ஈரமணியில் விழும் இன்னொரு பூஞ்சாணம் விஷத்தை உண்டாக்குகிறது. அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1974இல் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் பக்கத்தில் அறுவடை நேரத்து மழையில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற ஆதிவாசி மக்களில் 397 பேர் ஈரல் நோயில் விழுந்தார்கள், 106 பேர் இறந்தார்கள். அவர்கள் நேராகத் தின்றார்கள். நீங்கள் மாடு வழியாகக் குடிக்கிறீர்கள். பூசணம் பிடித்த தீவனத்தைத் தின்ற மாட்டின் பாலில் அந்த விஷத்தின் ஒரு வடிவம் இறங்கும். காய்ச்சினாலும் போகாது.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்துச் சோதித்தது. 368இல் இந்த விஷம் அளவுக்கு மேல் இருந்தது. அதில் அதிகம் எந்த மாநிலம்? நம் தமிழ்நாடுதான். 551இல் 88. டெல்லியும் கேரளாவும் அதற்குப் பின்னால்தான். இதெல்லாம் மக்காச்சோளத்தால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டோம், கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை எல்லாவற்றிலும் இந்தப் பூசணம் பிடிக்கும். ஆனால் எங்கள் பங்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். ரோட்டில் ஆரம்பிக்கிறது. களம் இல்லாமல் தார் ரோட்டில் சோளத்தைக் காயப்போடுகிறோம். தை மாதத்தில் திடீர் மழை வந்தால் தார்ப்பாயைப் போட்டு மூடுகிறோம், உள்ளே புழுங்குகிறது. ஈரம் 14 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வியாபாரி விலையைக் குறைப்பார், வாங்காமல் போகமாட்டார். அந்த ஈரச்சோளமும் எங்கேயோ தீவனமாகத்தான் போகிறது. இதற்குப் பூஞ்சாண மருந்து ஒன்றும் செய்யாது. சிமெண்டுக் களமும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வேலை செய்கிற உலர்த்தும் இயந்திரமும், ஈரம் பார்க்கிற ஒரு சின்னக் கருவியும்தான் மருந்து.

தி.நகரிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருக்கிறது சைதாப்பேட்டை. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் அங்கே 1868இல் தொடங்கிய விவசாயப் பள்ளியில்தான் இருக்கிறது. 1906இல்தான் கோவைக்குப் போனது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் பேராசிரியர் டி.எஸ்.சதாசிவன் பருத்தி வாடல் நோய்ப் பூஞ்சாணம் செடியை எப்படிக் கொல்கிறது என்று ஆராய்ந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். அதே ஆய்வகத்தில் வேலை செய்த சி.வி.சுப்பிரமணியன் பூஞ்சாண இனங்களை வகைப்படுத்தியதில் உலகப் பெயர் பெற்றவர். பூஞ்சாணத்தைப் பற்றி இந்த ஊருக்குத் தெரிந்த அளவு தென்னாட்டில் வேறு எந்த ஊருக்குத் தெரிந்திருக்கும்? அப்பேர்ப்பட்ட படிப்பு ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் எங்கள் வயலுக்கு வந்து சேரவில்லை. மருந்து டப்பா மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

வரியும் நிவாரணமும்

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. உரத்துக்கு 5 சதவீதம் என்று இறக்கினார்கள். பூச்சிமருந்துக்கும் பூஞ்சாண மருந்துக்கும் 18 சதவீதம். ஆயிரம் ரூபாய் மருந்துக்கு 180 ரூபாய் வரி. கம்பெனியும் டீலரும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வார்கள், விவசாயிக்குக் கழிக்க வழி கிடையாது. 2025 செப்டம்பரில் வரியை மாற்றியபோது சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா போன்ற உயிரி மருந்துகளுக்கு 12இலிருந்து 5 ஆக்கினார்கள். வரவேற்கிறோம். இரசாயன மருந்து 18இலேயே நின்றுவிட்டது. உயிர்காக்கும் மருந்துக்கு வரி கூடாது என்று மனுஷனுக்குச் சொல்கிற நியாயம் பயிருக்குக் கிடையாதா?

2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைத் தின்றது. போராடினோம். 2019இல் மாநில அரசு சுமார் 186 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. போதாதுதான், ஆனால் கொடுத்தார்கள். பூஞ்சாணம் தின்றால்? மத்திய அரசின் பேரிடர் நிவாரணப் பட்டியலில் புயல் இருக்கிறது, வறட்சி இருக்கிறது, வெள்ளம் இருக்கிறது, 'பூச்சித் தாக்குதல்' இருக்கிறது. 'பயிர் நோய்' இல்லை. புழு தின்றால் பேரிடர், பூசணம் தின்றால் விதி என்று அர்த்தமா? காப்பீட்டில் நோய் சேர்ந்திருக்கிறது என்பார்கள். சேர்ந்திருக்கிறது, ஆனால் தனி வயலுக்கு அல்ல. அறிவிக்கப்பட்ட வட்டாரத்தில் அறுவடைச் சோதனை வைத்து, அங்கே சராசரி விளைச்சல் குறைந்தால்தான் எல்லோருக்கும் பணம். ஆலங்கட்டி மழைக்குத் தனி வயலைப் பார்க்கிறார்கள், நோய்க்குப் பார்ப்பதில்லை. அடிச்சாம்பல் ஒரு காட்டில் முழுக்கக் கிடக்கும், மூன்று காடு தள்ளி இருக்காது. சராசரி எடுத்தால் நோய் விழுந்தவன் மறைந்துபோவான்.

தோழர்களே, அரசைக் கேட்பது ஒரு பக்கம். நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது, அதைப் போராட்ட வெளியீட்டில் எழுதக்கூடாது என்று சட்டம் இல்லை. காற்றுக்கு வரப்பு கிடையாது. ஒருவர் மட்டும் மருந்தடித்துப் பலன் இல்லை. ஊர்க்கூட்டம் போட்டு ஒரே வாரத்தில் விதைப்போம். முன்னும் பின்னுமாக விதைத்தால் மூத்த காட்டு நோய் இளங்காட்டுக்கு இறங்கும். பட்டத்தின் முதல் மாதம் விடியற்காலையில் கிளை உறுப்பினர் இருவர் முறைவைத்துக் காடு சுற்றிப் பார்க்கட்டும். சாம்பல் கண்ட செடியை அன்றைக்கே பிடுங்கி எரிக்க வேண்டும், மாட்டுக்குப் போடுவோம் என்று வரப்பில் போட்டுவைக்கக் கூடாது. மக்காச்சோளத்துக்குப் பக்கத்தில் தீவனச் சோளம் வேண்டாம். ஒரு வருஷம் உளுந்தோ பாசிப்பயறோ மாற்றிப் போடுங்கள். ரசீது இல்லாமல் யாரும் மருந்து வாங்காதீர்கள். ரசீது இருந்தால்தான் நாளைக்கு வழக்குப் போட முடியும்.

அரசிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு குறுவட்டத்துக்கும் பயிர் நோய் படித்த ஒரு ஆளைப் போடு, அவர் எதையும் விற்கக் கூடாது, புரட்டாசி முதல் தை வரை அவருக்குக் காப்பீட்டுப் பதிவு வேலையும் கொடுக்காதே. காலிப் பணியிடத்தை நிரப்பு. விதைப்பையில் மருந்தின் பெயரும் அளவும் தமிழில் போட வை. பூஞ்சாண மருந்துக்கு உரத்துக்கு உள்ள வரியே போடச் சொல்லி ஜிஎஸ்டி கவுன்சிலில் பேசு. பேரிடர் பட்டியலில் பயிர் நோயைச் சேர்க்கச் சொல்லி டெல்லிக்குத் தீர்மானம் அனுப்பு. பஞ்சாயத்துக்கு ஒரு களம் கட்டு.

இந்த வெளியீட்டின் பின்பக்கத்தில் மனு அச்சாகியிருக்கிறது. நகரத்துப் பெரியோர்கள் கிழித்துக் கையெழுத்துப் போட்டு, இதைக் கொடுத்த தோழரிடமே திருப்பிக் கொடுங்கள். மாலை வரை மூன்று இடத்திலும் இருப்போம். நாளை காலை எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு சேப்பாக்கத்தில் வேளாண்மை இயக்குநர் அலுவலகத்துக்குப் போகிறோம். பனகல் பார்க் வாசலில் ஈரச்சாக்கில் சுற்றிய இரண்டு மக்காச்சோளச் செடி வைத்திருக்கிறோம். ஒன்றில் அடிச்சாம்பல், ஒன்றில் இலைக் கருகல். எது எது என்று எழுதி ஒட்டவில்லை. விருப்பம் உள்ளவர்கள் இலையைத் திருப்பிப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். நாளைக்குச் சேப்பாக்கத்துக்கும் அதையேதான் எடுத்துப் போகிறோம். மேசையில் வைத்து, "ஐயா, இதில் எது எந்த நோய், எதற்கு எந்த மருந்து, எங்கள் ஊரில் இதை யார் வந்து சொல்லுவார்?" என்று கேட்கப் போகிறோம்.